ஒரு பல்பு, ஒரு படம்

பரண் ஒழித்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கீழே இறங்கியது. திறந்தால் உள்ளே 11 கண்ணாடிக் குமிழ்கள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக தினத்தாள் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பட்டுப்புடவைச் சரிகையைப் பிய்த்து உள்ளே திணித்த மாதிரி மெல்லிய வெள்ளி இழைகள். கண்ணாடிக்கு உட்புறம் ஒரு சின்னப் பொட்டு. 9 பல்புகளில் அது நீலமாக இருந்தது, 2 பல்புகளில் வெளிறிய ரோஜா நிறம்.

பெரியப்பா 1960களில் கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். அவர் மீதம் வைத்துப் போன ஃபிளாஷ் பல்புகள் இவை. டின்னிலேயே ஃபிளாஷ்கன்னும் இருந்தது: கையகல அலுமினியக் கிண்ணம், அதன் நடுவில் பல்பைச் செருகும் குழி, கீழே பேட்டரிக் கட்டைகள் போடும் உருளைக் கைப்பிடி. புதுக் கட்டைகள் போட்டு, நீலப்பொட்டு இருந்த பல்பு ஒன்றைச் செருகி, கண்ணைத் திருப்பிக்கொண்டு பித்தானை அழுத்தினேன். 'பொசுக்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திருப்பியும் பயனில்லை. சுவர், நாற்காலி, அலமாரி எல்லாம் ஒரு கணம் வெள்ளை வெளேரென்று நின்று மறைந்தன. அப்புறம் ரொம்ப நேரத்துக்குக் கண்ணுக்குள் ஒரு பச்சை வட்டம் மிதந்தது. பல்பைப் பார்த்தால், பளிங்கு மாதிரி இருந்த கண்ணாடி பால் ஊற்றியதுபோல் மங்கி, மேலெல்லாம் கொப்புளம். தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டேன்.

ஃபிளாஷ் பல்புக்கும் வீட்டு பல்புக்கும் ஒற்றுமை தோற்றத்தில் மட்டும்தான். வீட்டு குண்டு பல்பில் இழை எரிந்துபோய்விடக் கூடாது என்பதற்காகவே காற்றை வெளியே எடுத்துவிடுவார்கள். இதிலோ எரியட்டும் என்றே ஆக்சிஜனை நிரப்பி மூடுகிறார்கள். நடுவில் ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பி, அதைச் சுற்றித் தீக்குச்சி மருந்து மாதிரி ஒரு பூச்சு. மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடாகும், பூச்சு வெடித்துப் பொறி சிதறும், பொறி பட்ட அலுமினிய இழைகள் அத்தனையும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். தீபாவளிக் கம்பி மத்தாப்பில் வெள்ளைப் பூ கொட்டுவதும் அலுமினியம் எரிந்துதான். மத்தாப்பு நின்று நிதானமாகக் கொட்டுவதை ஃபிளாஷ் பல்பு கண் இமைப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். இதுவும் அந்தச் சாதி.

அந்தக் கொப்புளத்துக்கும் நீலப்பொட்டுக்கும் காரணம் உண்டு. உள்ளே நடப்பது ஒரு சிறு வெடிப்பு, கண்ணாடி விரிசல் விட்டுச் சிதறலாம். அதனால் வெளிப்பக்கம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தார்கள். கண்ணாடி நொறுங்கினாலும் துண்டுகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சூட்டில் கொப்புளித்தது அந்தப் பூச்சுதான். பொட்டில் இருப்பது கோபால்ட் உப்பு. காய்ந்திருக்கும்வரை நீலம், ஈரம் பட்டால் ரோஜா நிறம். கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்து வெளிக்காற்று உள்ளே போயிருந்தால், காற்றோடு போன ஈரத்தைப் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட பல்பைப் பற்றவைத்தால் கையிலேயே வெடிக்கக்கூடும். பெரியப்பா ரோஜாப்பொட்டு பல்புகளை ஏன் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்றுதான் விளங்கவில்லை. காசு போட்டு வாங்கியது என்ற எண்ணமாக இருக்கும்.

இந்தக் கண்ணாடிக் குமிழ் வருவதற்கு முன்னால் இருந்த நிலைமையைப் பார்த்தால், இதற்குக் கிடைத்த வரவேற்பு புரியும். 1887-ல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹானஸ் கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட் போன்றவற்றைக் கலந்து ஃபிளாஷ் பவுடர் செய்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் வெடிமருந்து. தட்டில் கொட்டிப் பற்றவைத்தால் 'தம்' என்ற சத்தம், கூசும் வெளிச்சம், கூரைவரை எழும் வெண்புகை. ஒரு படத்துக்கு மேல் எடுக்க வேண்டுமென்றால் புகை கலைகிறவரை காத்திருக்க வேண்டும். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு நியூயார்க்கின் சேரிகளுக்குள் இரவில் புகுந்தவர் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ். ஜன்னலே இல்லாத அறைகளில் ஒருவர்மேல் ஒருவராகத் தூங்கிக் கிடந்தவர்களை உலகம் முதலில் பார்த்தது அவர் கொளுத்திய பவுடரின் வெளிச்சத்தில். முதலில் துப்பாக்கி மாதிரியான கருவியில் வைத்துக் கொளுத்தினார். நடுராத்திரியில் துப்பாக்கியோடு வருகிறவனைப் பார்த்து மக்கள் அலறவே, அப்புறம் வாணலியில் வைத்துக் கொளுத்தினார். இரண்டு தடவை வீட்டுக்குத் தீ வைத்திருக்கிறார், ஒரு தடவை தனக்கே. அவரே எழுதி வைத்த கணக்கு இது.

அதே எரிதலைக் கண்ணாடிக்குள் அடைக்கும் யோசனைக்கு பால் ஃபியர்கோட்டர் 1925-ல் காப்புரிமை பெற்றார். 1929-ல் ஜெர்மனியில் 'வாக்குபிளிட்ஸ்' என்ற பெயரில் பல்பு கடைக்கு வந்தது. 1930-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி விற்க ஆரம்பித்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, திரைச்சீலையில் தீப்பிடிக்கும் பயம் இல்லை. நீதிமன்றம், மருத்துவமனை, விருந்து மண்டபம் எங்கும் காமிரா போகலாம் என்று ஆனது. தொடக்கத்தில் உள்ளே இருந்தது கசக்கிய அலுமினியத் தாள். அப்புறம் மெல்லிய கம்பி இழைகள் வந்தன. கடைசிக் கட்டத்தில் சிர்கோனியம் இழை வந்து, பல்பு நிலக்கடலை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் நேரக் கணக்கு. மின்னல் மாதிரி அடிக்கிறது என்று நாம் நினைக்கும் ஃபிளாஷ் பல்பு உண்மையில் ஒரு சோம்பேறி. மின்சாரம் பாய்ந்து, கம்பி சூடேறி, மருந்து வெடித்து, இழைகள் பற்றி, வெளிச்சம் உச்சத்துக்கு வர ஒரு நடுத்தர வகை பல்புக்கு ஏறத்தாழ 20 மில்லி விநாடி ஆகும். நமக்கு அது ஒன்றுமில்லை. ஃபிலிமுக்கு வெளிச்சம் விடக் கணநேரம் திறந்து மூடும் ஷட்டருக்கு அது ஒரு யுகம். விநாடியில் 200-ல் ஒரு பங்கு என்றால் 5 மில்லி விநாடிதான். பல்பும் ஷட்டரும் ஒரே சமயத்தில் புறப்பட்டால், பல்பு சோம்பல் முறித்து எழுவதற்குள் ஷட்டர் திறந்து மூடிப் போயிருக்கும்.

ஆரம்ப காலத்தில் இதற்குச் செய்த வழி எளிமையானது. காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு, பல்பை எரித்துவிட்டு, ஷட்டரை மூடுவது. இருட்டறைக்கு அது போதும். ஓடுகிறவனை, ஓரளவு வெளிச்சம் உள்ள இடத்தைப் படமெடுக்கப் போதாது. அதனால் ஷட்டருக்குள்ளேயே ஒரு சின்னத் தாமதப் பொறியை வைத்தார்கள். பித்தானை அழுத்தியதும் முதலில் பல்புக்கு மின்சாரம் போகும், ஷட்டர் கொஞ்சம் பொறுத்து, பல்பு உச்சத்தில் எரியும் நேரம் பார்த்துத் திறக்கும். பழைய காமிராக்களில் லென்ஸ் ஓரத்தில் 'எம்', 'எக்ஸ்' என்று இரண்டு எழுத்தும் ஒரு குட்டி நெம்புகோலும் இருக்கும். 'எம்' இந்தப் பல்புகளுக்கு. 'எக்ஸ்' எலெக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு. அது சட்டென்று எரிந்து அணைவது, அதற்குத் தாமதமே வேண்டாம்.

இது தெரியாமல் ஒரு தடவை நண்பன் நிச்சயதார்த்தத்துக்குப் பெரியப்பாவின் யாஷிகா காமிராவை எடுத்துக்கொண்டு போனேன். மேலே எலெக்ட்ரானிக் ஃபிளாஷ், நெம்புகோல் 'எம்'-இல். ஃபிளாஷ் ஒவ்வொரு தடவையும் ஜோராக அடித்தது, எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள், எனக்கும் திருப்தி. ரோலைக் கழுவினால் 12 படமும் வெறும் இருட்டு. ஃபிளாஷ் அடித்து அணைந்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் ஷட்டர் திறந்திருக்கிறது. பல்பே இல்லாமல் பல்பு வாங்கிய நாள் அது.

பிரஸ் காமிராக்களிலும் லைகா போன்றவற்றிலும் இன்னொரு தலைவலி. அவற்றில் ஷட்டர் என்பது ஃபிலிமுக்கு முன்னால் ஒரு சந்து நகர்ந்து போவது. சந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போய்ச் சேரும்வரை வெளிச்சம் ஒரே சீராக எரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் அமாவாசை. அதற்கென்று மெதுவாக, நெடுநேரம் எரிகிற தனி வகை பல்புகளே செய்தார்கள். கடையில் பல்பு கேட்கும்போதே எந்தக் காமிராவுக்கு என்று சொல்லியாக வேண்டும்.

பேட்டரியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். கட்டைகள் பழசாகிவிட்டால் கம்பி சூடேறத் தாமதமாகும், தாமதமானால் ஷட்டரோடு ஒத்துப்போகாது. பல்பு எரிந்திருக்கும், படம் விழுந்திருக்காது. பின்னால் 22.5 வோல்ட் பேட்டரியும் ஒரு கபாசிட்டரும் வைத்த ஃபிளாஷ்கன்கள் வந்து இதைத் தீர்த்தன. பேட்டரி நிதானமாகக் கபாசிட்டரை நிரப்பும், கபாசிட்டர் ஒரே கொட்டில் பல்புக்குள் கொட்டும். அதற்கு முன்னால் எல்லோரும் நம்பிய வைத்தியம் எச்சில். பல்பின் அடிப்பக்க ஈயப் புள்ளியை நாக்கால் ஒரு நக்கு நக்கிவிட்டுச் செருகுவார்கள், மின்தொடர்பு நன்றாகக் கிடைக்கும் என்று. அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர்கள் செய்ததும் இதுதான். பெரியப்பா செய்ததும் இதுதான் என்று பெரியம்மா சொல்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

சரி, எவ்வளவு வெளிச்சம் என்பதை எப்படி அளந்தார்கள்? அளக்கவே இல்லை. எரிகிறவரை அது இல்லாத வெளிச்சம், எரிந்தபின் போய்விட்ட வெளிச்சம். மீட்டர் எதைக் காட்டும்? அதற்குப் பதில் ஒரு பெருக்கல் வாய்ப்பாடு இருந்தது. ஒவ்வொரு பல்புக்கும், இன்ன ஃபிலிமுக்கு இன்ன ஷட்டர் வேகத்தில் இவ்வளவு என்று ஒரு எண்ணை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். அதுதான் கைடு நம்பர். ஆள் நிற்கும் தூரத்தால் அதை வகுத்தால் லென்ஸ் துவாரத்தின் அளவு கிடைக்கும். கைடு நம்பர் 110 என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை 10 அடியில் நின்றால் எஃப் 11. 14 அடிக்குப் போனால் எஃப் 8. 20 அடி என்றால் எஃப் 5.6. அவ்வளவுதான்.

இதனால் அந்தக் காலத்துப் படக்காரர்களுக்குத் தூரம் என்பது உடம்பிலேயே ஊறிப்போன சங்கதி. பெரியப்பா எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் தரையில் பதித்த கற்களை எண்ணுவாராம். ஒரு கல் இரண்டடி என்றால் ஐந்து கல் பத்தடி. நியூயார்க்கில் கொலையும் தீவிபத்துமாக இரவெல்லாம் அலைந்த வீஜி (இயற்பெயர் ஆர்தர் ஃபெலிக்) கணக்கே போடவில்லை. 10 அடி, எஃப் 16, விநாடியில் 200-ல் ஒரு பங்கு என்று ஸ்பீட் கிராபிக் காமிராவை நிரந்தரமாகப் பூட்டி வைத்துவிட்டார். போய்ச் சேர வேண்டும், பத்தடியில் நிற்க வேண்டும், அழுத்த வேண்டும். காரில் போலீஸ் ரேடியோ, பின்பக்க டிக்கியிலேயே படம் கழுவும் ஏற்பாடு. அவர் படங்களில் முன்னால் இருக்கும் முகம் சுண்ணாம்பாக வெளுத்தும் பின்னால் இருக்கும் தெரு மையாக இருண்டும் இருப்பதைப் பார்த்து ஏதோ கலைப்பாணி என்று சொல்வார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி இயற்பியல். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். பத்தடியில் நிற்பவன் பளிச்சிட்டால் நாற்பதடியில் இருக்கும் சுவருக்கு மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு.

ஒரு பல்புக்கு ஒரு படம் என்ற இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதைக் காட்ட 1946-ல் நடந்த ஒன்றைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-ஒயிட் காந்தியைப் படமெடுக்க வந்தார். ராட்டையோடு எடுக்க வேண்டும் என்றதும், முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கற்றுக்கொண்டார். அன்று காந்திக்கு மௌன நாள். குடிலுக்குள் இருட்டு. காந்திக்கோ ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணில் அடிப்பது ஆகாது. கெஞ்சிக் கூத்தாடியதில் 3 பல்புகளுக்கு அனுமதி கிடைத்தது, மூன்றே மூன்று.

சிக்கனத்துக்குப் பேர்போன மனிதர், தன்மேல் எரியும் வெளிச்சத்துக்கும் அளவு வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். போர்க்-ஒயிட்டின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இரும்பாலைகளையும் போர்முனைகளையும் படமெடுத்தவர், பெட்டி பெட்டியாகப் பல்பு கொண்டுவந்தவர், கையில் எண்ணி மூன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் பல்பு எரிந்தது, ஷட்டர் ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது எரிந்தது, ஃபிலிமை மறைத்திருக்கும் தகட்டை உருவ மறந்திருந்தார். மூன்றாவது சரியாக விழுந்தது. முன்னால் ராட்டையும், தரையில் அமர்ந்து குனிந்து படிக்கும் காந்தியுமாக நாம் பார்த்துப் பழகிய படம் அந்தச் சந்திப்பில் வந்ததுதான். பிற்பாடு அவரைக் கண்டால் காந்தி வேடிக்கையாக 'சித்திரவதைக்காரி வந்துவிட்டாள்' என்பாராம்.

அதே ஆண்டுகளில் டெல்லியில் சேலை கட்டிக்கொண்டு, சைக்கிளில் ஸ்பீட் கிராபிக்கையும் ஃபிளாஷ் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போனவர் ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சுதந்திரம், மவுண்ட்பேட்டன், நேரு என்று அவர் எடுத்தவற்றைப் பார்க்கும்போது, கூட்டத்துக்குள் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு, எரிந்த பல்பைக் கழற்றி, புதுசைச் செருகி, ஃபிலிம் தகட்டை மாற்றி, மறுபடி குறிபார்த்திருப்பார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு படத்துக்கு நடுவில் அத்தனை வேலை. நேரு அதற்குள் கார் ஏறிப் போயிருப்பார்.

நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1960களின் ஆல்பம் ஏதாவது ஒன்றைப் புரட்டுங்கள். மாப்பிள்ளை தாலி முடிச்சைப் பிடித்தபடி காமிராவைப் பார்க்கிறார். பெண் காமிராவைப் பார்க்கிறாள். முடிச்சுப் போட வேண்டிய நாத்தனாரும் காமிராவைத்தான் பார்க்கிறார். தாலி கட்டுவதில் யாருக்கும் கவனமில்லை. சடங்கு ஒரு பக்கம் நடந்து முடிந்ததும், 'அப்படியே கையை வச்சுக்கிட்டு இருங்க மாப்ள' என்று மறுபடி நிறுத்தி எடுத்த படம் அது. கெட்டிமேளம் முழங்கும்போது எடுத்த பல்பு ஏமாற்றிவிட்டால் வேறு வழி கிடையாது. ஆறு பல்புதான் என்று பேசி வந்த கல்யாணத்தில் மாலை மாற்றலுக்கு ஒன்று, தாலிக்கு இரண்டு, குடும்பப் படத்துக்கு இரண்டு, கையிருப்பு ஒன்று என்று பெரியப்பா முன்கூட்டியே பிரித்துவைத்துவிடுவார். பந்தியை எடுக்கச் சொல்லும் மாமாக்களிடம், எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்போது ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் வருகிறது, ஒன்றையும் யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

ஒரு பல்பே இப்படி என்றால், நாற்பது பல்பைச் சேர்த்து எரித்தவர் ஒருவர் இருக்கிறார். ஓ. வின்ஸ்டன் லிங்க், நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்தவர். அமெரிக்காவில் நீராவி என்ஜின்கள் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்பாதையை 1955-லிருந்து 1960வரை விடாமல் படமெடுத்தார். பெரும்பாலும் இரவில். சூரியனை நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது, வெளிச்சத்தையாவது நம் இஷ்டத்துக்கு வைப்போம் என்பது அவர் வாதம். மேற்கு வர்ஜீனியாவில் யேகர் என்ற ஊரில் 1956 ஆகஸ்டில் அவர் எடுத்த படம் பிரசித்தம். திறந்தவெளி சினிமாக் கொட்டகை, வரிசை வரிசையாகக் கார்கள், முன்னால் திறந்த காரில் ஒரு ஜோடி, திரையில் ஒரு விமானம், பின்னால் வெண்புகை கக்கிக்கொண்டு ஓடும் ரயில். இதற்கு 43 பல்புகள். அவற்றுக்கெல்லாம் அவரும் உதவியாளரும் மணிக்கணக்காக வயர் இழுத்து, எல்லாவற்றையும் தொடராக இணைத்திருந்தார்கள். சீரியல் செட் கட்டிய எவருக்கும் தெரியும், தொடராக இணைத்தால் ஒன்று போனால் எல்லாம் போச்சு. அதைத் தெரிந்தேதான் செய்தார். பாதி வெளிச்சத்தில் ஒரு படம் வருவதைவிட ஒன்றுமே வராமல் போவது மேல், ஃபிலிமாவது மிஞ்சும். ரயில் வருவது ஒரே தடவை.

அத்தனை வெளிச்சமும் சேர்ந்து சினிமாத் திரையை வெள்ளையாக அடித்துவிட்டது. அந்த விமானம் அப்புறம் இருட்டறையில் ஒட்டிச் சேர்த்தது. நேர்மை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் படலாம். எனக்கு அந்தப் படத்தில் கவலை வரவில்லை.

எண்ணிக்கையில் அவரையும் தோற்கடித்தது 1952-ல் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைக்குள் நடந்த முயற்சி. அங்கே உள்ள பெரிய மண்டபத்தை ஒரே படத்தில் பிடிக்க 2,400 பல்புகளை எரித்தார்கள். சாதனை என்று சொல்லலாம், பல்பு கம்பெனி விளம்பரம் என்றும் சொல்லலாம்.

வண்ண ஃபிலிம் பரவியபோது இன்னொரு மாற்றம் வந்தது. அலுமினியம் எரியும் வெளிச்சம் பகல் வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் மஞ்சள். கறுப்பு வெள்ளையில் அது தெரியாது, பகல் வெளிச்சத்துக்கான வண்ண ஃபிலிமில் எல்லோரும் மஞ்சள்காமாலை வந்தவர்களாகத் தெரிவார்கள். அதனால் பல்பின் வெளிப்பூச்சிலேயே நீலச்சாயம் கலந்து விற்றார்கள். பழைய சாமான் கடைகளில் நீலக் கோலிகுண்டு மாதிரி கிடப்பவை இவைதான். நீலம் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கிவிடும், கைடு நம்பரும் இறங்கிவிடும்.

கடைசிக் காலம் வேகமாக நடந்தது. 1965-ல் கோடாக்கின் இன்ஸ்டமேட்டிக் காமிராவுக்காக ஃபிளாஷ்கியூப் வந்தது: ஒரு கனசதுரத்தில் நாலு குட்டி பல்புகள். ஒரு படம் எடுத்தால் தானாகவே கால் சுற்று திரும்பி அடுத்த பல்பு முன்னால் வரும். விரல் சுடுவது நின்றது. 1970-ல் வந்த மேஜிக்கியூபுக்குப் பேட்டரியே வேண்டாம். ஒரு குட்டிச் சுருள்வில் விடுபட்டு, கேப் துப்பாக்கிபோல மருந்துக் குழாயைத் தட்டிப் பற்றவைத்துவிடும். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரீஸ் துப்பாக்கியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது தொழில்நுட்பம். ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் எட்ஜெர்ட்டன் 1930களிலேயே வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, ஆயிரக்கணக்கான தடவை எரியக்கூடிய ஃபிளாஷைச் செய்து காட்டியிருந்தார். அது சட்டைப்பையில் அடங்கும் விலைக்கும் அளவுக்கும் வரும்வரைதான் பல்புக்கு வாழ்வு. 1975-ல் கோனிகா, சின்னக் காமிராவுக்குள்ளேயே எலெக்ட்ரானிக் ஃபிளாஷை வைத்து விற்றது. அப்புறம் பல்பைத் தேடிப் போக யாருக்குக் காரணம் இருந்தது?

காமிராவை விட்டுப் போனாலும் அந்தப் பல்பு வேறு இடங்களில் தங்கிவிட்டது. பெரிய அதிர்ச்சிச் செய்தி கேட்ட கணத்தில் நாம் எங்கே நின்றோம், கையில் என்ன வைத்திருந்தோம் என்பதெல்லாம் படம்போல் பதிந்துவிடுவதற்கு 1977-ல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் கூலிக் என்ற உளவியலாளர்கள் 'ஃபிளாஷ்பல்பு நினைவு' என்றே பெயர் வைத்தார்கள். எம்.ஜி.ஆர். இறந்த செய்தி வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எங்கள் தெருவில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிரஸ் காமிராவின் ஃபிளாஷ்கன் கைப்பிடிக்கு இன்னும் வினோதமான மறுபிறவி. அதே 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதாநாயகன் ஏந்தும் ஒளிவாளின் பிடி, கிராஃப்ளெக்ஸ் கம்பெனியின் பழைய ஃபிளாஷ்கன் கைப்பிடி. மூன்று கட்டை போடும் அந்த உருளை இப்போது ரசிகர்களால் யானை விலைக்குப் போகிறது. பெரியப்பாவுடையது அந்த மாடல் இல்லை, பார்த்துவிட்டேன்.

நீலப்பொட்டு பல்பு இன்னும் 8 மீதி இருந்தது. யாஷிகாவில் ஒரு ரோல் போட்டு, நெம்புகோலை மறக்காமல் 'எம்'-இல் வைத்து, பெரியம்மாவைக் கூடத்தில் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கைடு நம்பர் அட்டவணையைப் பெரியப்பா அட்டைப்பெட்டியிலிருந்து கத்தரித்து டின்னுக்குள்ளேயே வைத்திருந்தார். தரைக்கல்லை எண்ணி 10 அடி, எஃப் 11. பல்பின் அடியை நக்கிவிட்டுத்தான் செருகினேன். செல்போனைக் காட்டினால் பேச்சை நிறுத்தாத பெரியம்மா, அந்த அலுமினியக் கிண்ணத்தைப் பார்த்ததும் தலைப்பை இழுத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸையே பார்த்தார். அழுத்தினேன். எரிந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னும் எத்தனை இருக்கு?" என்றார்.

"ஏழு, பெரியம்மா."

"போதும், எடுத்து வை. பேத்தி கல்யாணத்துக்கு ஆகும்."